விழத் தெரிந்த ஆள்

காலையிலிருந்து ஜெபசிங் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கொன்றுகொண்டிருந்தான். ஆள் ஒழுங்காகச் சாகமாட்டேன் என்றான்.

திரையில் ஒரு மிருகம். முதலையின் வாய், காட்டுப்பன்றியின் தோள். பின்னங்கால்கள் எந்தப் பிராணியுடையவை என்று வரைந்தவருக்கே நிச்சயமில்லை. வெளிநாட்டு வீடியோ கேம் கம்பெனி அனுப்பிய தாளில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. பிரதீபா தன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் நினைவாக ராஜேந்திரன் என்று மாற்றிவிட்டாள். அவரும் சத்தமில்லாமல் பின்னால் வந்துதான் பிடிப்பாராம்.

ராஜேந்திரன் ஓடிவந்து ஆளை இடுப்பில் கவ்வ வேண்டும், உதற வேண்டும், வீசியெறிய வேண்டும். கவ்வல் பிரமாதமாக இருந்தது. உதறலில் ரத்தம் தெறிக்க வேண்டிய இடத்தில் தெறித்தது. ஆனால் வீசப்பட்ட ஆள், கொடியிலிருந்து நழுவிய லுங்கி மாதிரி மெதுவாக வந்து தரையில் படிந்தான்.

"என்ன ஜெபா, சாகறவன் பாய் விரிச்சுப் படுக்கறான்?" என்றாள் பிரதீபா, பக்கத்து மேசையிலிருந்து. மிருகத்தின் உடம்பைச் செய்தவள் அவள். அதற்குள் எலும்பு மாட்டி ஆட்டுவிப்பவன் ஜெபசிங்.

"அவனுக்கு அலுப்பு. காலையிலேர்ந்து எத்தினி வாட்டி சாவான்?"

கேளம்பாக்கத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. சாலையை ஆறு வழிச்சாலையாக அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடம் அது. லாரி போகும்போதெல்லாம் மானிட்டர்மேல் செம்மண் பூக்கும். சிறுசேரியில் பெரிய கம்பெனிகள் கண்ணாடிக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்க, இங்கே நான்கு கம்ப்யூட்டரும் ஓர் ஏசியும். ஏசி கம்ப்யூட்டர்களுக்கு, மனிதர்களுக்கு அதில் பங்கு கிடைத்தால் அது அவர்கள் அதிர்ஷ்டம். ஜெபசிங்கின் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்றுக்கட்டு சுமந்தவர். மகன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால், "எலும்பு மாட்டற வேலை" என்பார். ஊரில் பாதிப்பேர் அவனை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என்று நினைத்து முட்டிவலிக்கு மாத்திரை கேட்டார்கள். அவனும் தெரிந்ததைச் சொல்லி வைத்தான்.

இப்போது பிரச்சினை, மிருகத்தை எந்த மென்பொருளில் செய்வது என்பது. இரண்டு இருந்தன. ஒன்று விலை கொடுத்து வாங்குவது. ஒரு லைசென்ஸுக்கு ஒரு கார் வாங்கலாம். அதற்குத் தனிச் சாவி, தனி மெஷின், தனி உபசாரம். பிரதீபா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். தி. நகரில் ஒரு வருடம் படித்து மாப்பிள்ளையோடு பழகியவள். இன்னொன்று இணையத்தில் சும்மா கிடைப்பது. சொன்னதைச் சுமக்கும், கோபித்துக்கொள்ளாது. அதன் பெயர் சித்தாள். ஜெபசிங் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தானாகக் கற்றது சித்தாளை மட்டும்தான்.

முதலாளி சுப்புராமன் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் விஞ்ஞானியின் மகனாக வளர்ந்தவர். டீ கொண்டுவருபவரைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

"அவங்க முடிவா கேட்டுட்டாங்க. ஆள் விழற காட்சி சரியா வந்தா முழு வேலையும் நமக்கு. இல்லேன்னா கடையை மூட வேண்டியதுதான். சொல்லுங்க, எதை எடுக்கலாம்?"

"மாப்பிள்ளைதான் சார்," என்றாள் பிரதீபா. "உடம்பு எவ்வளவு எடை, மூட்டு எவ்வளவு இறுக்கம்னு சொல்லிட்டா போதும். எப்படி விழணும்னு அதுவே கணக்குப் போட்டு விழ வெச்சிடும்."

"சித்தாள்?"

"அதுக்கு அவ்வளவு தெரியாது சார். பாவம், நாம நகர்த்தினாத்தான் நகரும்."

ஜெபசிங்குக்கு ஒன்று தெரியும். மாப்பிள்ளை வந்தால் தனியாக வரமாட்டார். அவரைத் தெரிந்த தி. நகர் பையன்களும் கூடவே வருவார்கள். தனக்கு மறுபடியும் ஊரில் முட்டிவலிக்கு மாத்திரை சொல்லும் உத்தியோகம்தான். அவன் வாய் அவனைக் கேட்காமல் திறந்தது.

"சார், விழறதுக்கு எதுக்கு சார் கணக்கு? ஒரு ஆளை நெசமாவே விழ வெப்போம். வீடியோ எடுத்துப் பின்னாடி வெச்சுகினு, பார்த்துப் பார்த்து எலும்பை நகர்த்திடறேன்."

"யார் விழறது? நீங்களா?"

ஜெபசிங் அங்கேயே விழுந்து காட்டினான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, இடம் பார்த்து உட்கார்ந்து, பிறகு சாய்ந்தான். பிரதீபா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க ஊர்ல வரதன்னு ஒருத்தன் கீறான் சார்," என்றான், பேன்ட்டைத் தட்டிக்கொண்டு. "கபடி ஆடறவன். விழறது அவனுக்கு நாஸ்தா துன்றா மாதிரி."

சுப்புராமன் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா இருக்கே. அப்போ சித்தாளே போதும்."

அவ்வளவுதான். மென்பொருள் தேர்வு முடிந்தது.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே, ஏரிக்கரைக்குக் கீழே கபடித் திடல். ஜெபசிங் போனபோது வரதன் நடுக்கோட்டைத் தொட ஐந்து பேரை இழுத்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தான். ஒருவன் கழுத்தில், இருவர் காலில், மிச்சம் இருவர் கிடைத்த இடத்தில். முகம் மண்ணில் அரைபட்டது. விரல் நுனி கோட்டைத் தொட்டதும் எழுந்து, மூக்கில் வந்த ரத்தத்தைப் பனியனில் துடைத்துக்கொண்டு, "இன்னா மச்சான், இந்தப் பக்கம்?" என்றான்.

ஜெபசிங் விஷயத்தைச் சொன்னான்.

"வுழறதுக்கு ஒரு கம்பெனியா? அதுக்கு நீ படிச்சியா?"

"செத்தா மாதிரி வுழணும் மச்சான்."

"செத்தா மாதிரி இன்னா, தோத்தா மாதிரி வுழறேன். அது இன்னும் பேஜாரா இருக்கும்."

வரதனுக்கு அந்த வாரம் நல்ல வாரம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மூட்டை தூக்கும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தான். அந்தக் கம்பெனி தன் கபடி அணிக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. அணியில் சேர்ந்தால் வேலை நிரந்தரம். எல்லாம் முடிந்துவிட்டது; வரும் புதன்கிழமை மெடிக்கல் மட்டும் பாக்கி.

அவன் மனைவி எல்லம்மாள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலேயே சொன்னாள்: "புதன்கிழமை மெடிக்கல். அடி கிடி பட்டுகினு வந்தே, வூட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன்."

"மெத்தை போட்டுத்தான் தங்கச்சி எடுக்கறோம்," என்றான் ஜெபசிங். "நான் கூட இருப்பேன்."

"நீ கூட இருந்தா எனக்கு இன்னும் பயம்," என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவின் மொட்டைமாடியில் படப்பிடிப்பு. சுப்புராமன் தன் வீட்டுக் கட்டில் மெத்தையையே காரின் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். வரதனின் இடுப்பில் நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ராஜேந்திரனுக்குப் பதிலாக மூன்று பேர்: ஜெபசிங், சுப்புராமன், கீழே டயர் கடையிலிருந்து வந்த தாவீது. முக்காலியில் கேமராவோடு பிரதீபா. சுப்புராமன் மூன்று எண்ண வேண்டியது, பின்னாலிருந்து இழுக்க வேண்டியது, வரதன் பறக்க வேண்டியது.

வரதன் பறந்தான். தாடை நெஞ்சில் ஒட்டியது, முதுகு வளைந்தது, உள்ளங்கை மெத்தையை அறைந்தது, உருண்டு எழுந்து நின்றான். தாவீது கைதட்டினார். வரதன் அவருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

சுப்புராமன் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"பிரமாதம் வரதன். ஆனா நீங்க ரொம்ப நல்லா விழறீங்க."

"நல்லா வுழறது தப்பா சார்?"

"மிருகம் பின்னாடி வர்றது அந்த ஆளுக்குத் தெரியாது இல்லையா? உங்களுக்குத் தெரியுது. உடம்பு முன்னாடியே தயாராயிடுது."

வரதன் மறக்கப் பார்த்தான். பாட்டு முணுமுணுத்தான், கோவளம் பக்கம் கடலைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான். சுப்புராமன் மூன்று என்றதும் தோள் தானாக உள்ளே மடங்கியது.

"சார், மனசு மறந்தாலும் தோள் மறக்க மாட்டேங்குது. சின்ன வயசுலேர்ந்து அடி வாங்கின தோளு."

ஜெபசிங்குக்கு வேறு கவலை. "மெத்தையில கால் புதையுது சார். பாதம் எங்க ஊணுதுன்னே தெரியல. கால் தெரியலன்னா சித்தாள்ல எதைப் பார்த்து வெக்கறது?"

"அவ்ளோதானே," என்று வரதனே மெத்தையை இழுத்துச் சுவரோரம் போட்டான். கீழே சுட்ட மண் தட்டோடு பதித்த தளம், வெயிலில் காய்ந்து கிடந்தது. "மண்ணுல வுழுந்தவனுக்கு ஓடு இன்னா?"

சுப்புராமன் கயிற்றுப் பக்கம் வந்து, தலையைத் தாழ்த்தி, மெதுவாகச் சொன்னார். "மூணு எண்ணுவேன்னுதான் அவர் நினைச்சுக்கிட்டிருப்பார். ஒண்ணு சொன்னதும் இழுத்துடுங்க. ஒரே ஒரு டேக்."

"சார், கீழ தட்டோடு..."

"கபடி ஆடறவர்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஜெபசிங் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டான். அந்த நேரம் வரதன் வலது கையால் இடுப்புக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே, "ஜெபா, இது கொஞ்சம் இறுக்கமா கீ..." என்று திரும்பத் தொடங்கினான்.

"ஒண்ணு," என்றார் சுப்புராமன்.

மூவரும் இழுத்தார்கள்.

வரதன் பின்பக்கமாகப் போனான். தாடை நெஞ்சுக்கு வரவில்லை, தோள் மடங்கவில்லை. வலது கை மட்டும் காற்றைப் பிடிக்கப் போவதுபோல் பின்னால் நீண்டு, உள்ளங்கை ஓட்டில் ஊன்றியது. அந்தக் கையின்மேல் முழு உடம்பும் வந்து இறங்கியது. முருங்கைக்காயை ஒடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பின்மண்டை ஓட்டில் மோதி ஒருமுறை எழும்பி மறுபடியும் மோதியது.

கொஞ்ச நேரம் அவன் கத்தவே இல்லை. வாய் திறந்திருந்தது. முழங்கை, இருக்க வேண்டிய இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் புடைத்திருந்தது. தோலுக்குள்ளிருந்து யாரோ கட்டைவிரலால் வெளியே தள்ளுவது மாதிரி. அதற்குக் கீழே இருந்த கை அவனுடையது இல்லை என்பதுபோல் தனியாகத் திரும்பிக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டான். அப்புறம்தான் கத்தினான். டயர் கடையில் இருந்தவர்கள் படியேறி ஓடிவந்தார்கள். "ஏசுவே, ஏசுவே" என்று தாவீது கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார்; முடிச்சு இறுகியிருந்தது, அரிவாளால் அறுக்க வேண்டியதாயிற்று. ஓடு முழுக்க வாந்தியும் பின்மண்டை ரத்தமும். ஜெபசிங் தன் கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தெரியாமல் நின்றான்.

பிரதீபா முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கேமரா முக்காலியில் இருந்தது. அது பதறவில்லை.

சுப்புராமன் தன் காரிலேயே கூட்டிப்போனார். நன்றாக, வேகமாக ஓட்டினார். பின்சீட்டில் ஜெபசிங்கின் மடியில் வரதனின் தலை. காயத்தில் அழுத்திய துண்டு ரத்தத்தில் நனைந்து பேன்ட்டில் ஊறியது. திருப்போரூர் தாண்டியதும் சுப்புராமன் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்:

"கேட்டா பைக்ல விழுந்துட்டார்னு சொல்லிடுங்க ஜெபசிங். இல்லேன்னா போலீஸ், கேஸ்னு பாவம் அவருக்குத்தான் அலைச்சல்."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். சுப்புராமன் ஜெபசிங்கைப் பார்த்தார். வரதனும் ஜெபசிங்கைப் பார்த்தான்.

"பைக்ல வுழுந்துட்டான் சார்," என்றான் ஜெபசிங்.

எல்லம்மாள் ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்மிலேயே வந்தாள். தொழிற்பேட்டையில் அவளுக்கு ஞாயிறும் வேலை. டாக்டர் சொன்னதைக் கேட்டாள். வரதனின் கையைப் பார்த்தாள். பிறகு ஜெபசிங்கிடம் வந்தாள்.

"எந்த பைக்கு?"

ஜெபசிங் பேன்ட்டில் ஊறியிருந்த ரத்தத்தைக் கையால் மறைத்தான்.

"எங்க வூட்ல சைக்கிளே கெடயாது. எந்த பைக்குண்ணா? உன் பைக்கா? உனக்கு ஓட்டவே தெரியாதே. எந்த பைக்குல வுழுந்தாரு, சொல்லு?"

அவள் கையில் சோற்றுத் தூக்கு இருந்தது. அதை வீசி அவன் முகத்தில் அடித்தாள். கண்ணாடி தெறித்தது, மூக்குத்தண்டு கிழிந்தது, குழம்பு சட்டையில் வழிந்தது. மறுபடியும் அடித்தாள். மூடி கழன்று உருண்டு போய்க் கட்டில் காலில் முட்டி நின்றது. அடி ஒவ்வொன்றுக்கும் ஜெபசிங் கொஞ்சம் குனிந்து கொடுத்தான்; அவள் உயரம் குறைவு. சுப்புராமன் போன் பேச வெளியே போயிருந்தார்.

"வுடு எல்லம்மா," என்றான் வரதன், படுத்தபடி. குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. "கண்ணு தெரியாதவனைப் போட்டு அடிக்கிறே."

அவள் தூக்கைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஜெபசிங் தரையைத் தடவிக் கண்ணாடியைத் தேடினான்.

"மச்சான்," என்றான் வரதன். "நல்லா வந்துச்சா?"

புதன்கிழமை, கம்பெனி டாக்டர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கச் சொன்னார். வரதன் ஒன்றைத் தூக்கினான். அணியில் அவன் இடத்துக்கு அச்சரப்பாக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். மூட்டை தூக்கும் வேலையும் போயிற்று. அதற்கும் இரண்டு கை வேண்டும்.

ஸ்டுடியோவில் பிரதீபா சொன்னாள்: "அந்தக் கடைசி டேக்கை எடுக்காதே ஜெபா. முன்னாடி விழுந்ததுல ஒண்ணைப் போடு." அவனும் அதைத்தான் செய்தான். ஆள் டான்ஸ் ஆடுகிற மாதிரி விழுகிறான், கடைசியாக ஒரு வாய்ப்பு தருகிறோம் என்று வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது.

சுப்புராமன் ஜெபசிங்கின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கண்ணாடிக் காலில் சுற்றியிருந்த செல்லோ டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தக் கடைசி டேக் இருக்கே."

"சார், அது..."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு ஜெபசிங். ஆனா அவர் பட்டது வீணாப் போகக்கூடாது இல்லையா?"

ஜெபசிங் வீடியோவைத் திரையின் பின்னால் வைத்தான். அதன்மேல் தன் எலும்பு மனிதனை நிற்க வைத்தான். ஒவ்வொரு படமாக நகர்த்தினான்: இடுப்பு, முதுகு, கழுத்து. கை ஊன்றும் இடம் வந்ததும் எலும்பு மனிதன் நின்றுவிட்டான். முழங்கை அதற்குமேல் போகவில்லை. பின்பக்கமாக மடங்காமல் இருக்க ஜெபசிங்தான் எல்லா ஆட்களின் மூட்டிலும் ஒரு பூட்டுப் போட்டு வைப்பான்; இல்லாவிட்டால் நடக்கும்போதே கை முறுக்கிக்கொண்டு அசிங்கமாக இருக்கும். சித்தாள் அந்தப் பூட்டை மதித்து, எவ்வளவு இழுத்தாலும் கையை நேராகவே வைத்திருந்தது. பின்னால் வீடியோவில் வரதனின் கை அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஜெபசிங் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். திரும்ப வந்து பூட்டைக் கழற்றினான்.

இம்முறை வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்தில் ஆச்சரியக்குறிகள் நிறைய இருந்தன. முழு வேலையும் வந்தது. சுப்புராமன் எல்லோருக்கும் இனிப்பு வாங்கினார். இன்னொரு ஏசியும் வாங்கினார், இது மனிதர்களுக்கு.

கட்டு பிரித்த பிறகு ஒரு நாள் வரதன் படியேறி வந்தான். வலது கை பாதி மடங்கியபடியே உறைந்திருந்தது, எப்போதும் யாரிடமோ எதையோ வாங்கப் போகிறவன் மாதிரி. வாட்ச்மேன் வேலை ஏதாவது கிடைக்குமா என்று சுப்புராமனைக் கேட்க வந்திருந்தான். அவர் அறைக்குள் போனில் இருந்தார். ஜெபசிங் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தான். வரதன் டம்ளரை இடது கையில் வாங்கித் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"எங்க மச்சான், நம்ம படம்?"

"அது வேணாம்டா."

"தே, போடு. ஊரே பாக்கப் போவுது, நான் பாக்கக் கூடாதா?"

ஜெபசிங் போட்டான். ராஜேந்திரன் சத்தமில்லாமல் பின்னால் வந்தது, கவ்வியது, உதறியது. வரதன் முன்னால் குனிந்து பார்த்தான்.

"பலே. நாங்க ஏழு பேரு புடிக்கிற புடியை இவன் ஒண்டியா புடிக்கிறான்பா."

ஆள் பறந்து போய் விழுந்தான். வலது கை ஊன்றியது, பின்பக்கமாக மடங்கியது. காட்சி முடிந்து தானாக மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

அறைக் கதவு திறந்தது. சுப்புராமன் போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அட, வரதனா? வாங்க, வாங்க. ஒரே நிமிஷம்." பிறகு ஜெபசிங்கிடம், "இதே மாதிரி இடது பக்கமும் ஒண்ணு வேணுமாம். மறுபடி ஆளை வெச்சு எடுக்கணுமா, இல்ல சித்தாள்லயே வருமா?"

"வரும் சார்," என்றான் ஜெபசிங். "வலதை இடதா மாத்தறது ஒரே பட்டன்தான்."

"இப்பவே காட்டுங்க. லைன்ல இருக்காங்க."

ஜெபசிங் பட்டனை அழுத்தினான். திரையில் செத்துக் கிடந்த ஆள் எழுந்து நின்றான். மிருகம் மறுபக்கத்திலிருந்து வந்து கவ்வியது, உதறியது, வீசியது. இடது கை பின்னால் நீண்டு தரையில் ஊன்றியது. முழங்கை மெதுவாக எதிர்ப்பக்கம் மடங்கியது.

வரதன் டம்ளரைத் தரையில் வைத்தான். பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமல், இடது கையை இரண்டு தொடைகளுக்கும் நடுவே விட்டு இறுக்கி வைத்துக்கொண்டான்.